நீட்டிய சேடில்பேக் வளைவில் உரசுமா? கேள்வி பதில்

இன்று சேடில்பேக், அதாவது பைக்கின் பின்சக்கரத்துக்கு இரு பக்கமும் தொங்கும் பெட்டி, பை பற்றிய கேள்விகள் மட்டும். மைலேஜ், செயின் ஸ்பிரே பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவை: ஹார்லி ஸ்ட்ரீட் கிளைடு பைக் வைத்திருக்கிறேன். நாலு அங்குலம் கீழே இறங்கும் ஃபைபர் பெட்டி மாட்ட ஆசை. வால்பாறை ஏறினால் உரசுமா அண்ணா?

உரசும் தம்பி. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். பெட்டியின் கீழ்மூலை வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 40 செ.மீ. தள்ளி, தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி 32 டிகிரி சாய்ந்தால்தான் அது தரையைத் தொடும். அதே மூலை நீங்கள் சொல்லும் நாலு அங்குலம், அதாவது 10 செ.மீ. இறங்கிவிட்டால் 21 டிகிரியிலேயே தொட்டுவிடும். வால்பாறை ரோட்டில் 40 கொண்டை ஊசி. 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20 கி.மீ. வேகத்தில் திரும்ப 18 டிகிரி சாய்வு வேண்டும். 25 கி.மீ. என்றால் 26. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூடத் திருகினால் போதும், கதை முடிந்தது.

இதுவும் காலி வண்டிக்குத்தான். ஆளும் சாமானும் ஏறினால் பின்பக்கம் அமுங்கும். பெட்டியின் வால் பின்சக்கர அச்சையும் தாண்டி நிற்பதால், அச்சுக்கு நேர் மேலே வண்டியின் உடல் 5 செ.மீ. இறங்கும்போது வால் 6 செ.மீ. இறங்கும். ஓட்டுபவர் கால் வைக்கும் தட்டான ஃபுட்போர்டு அதில் பாதிதான் இறங்கும். வெறும் வண்டியில் ஃபுட்போர்டை விட உயரமாகத் தெரிந்த பெட்டி, சுமையோடு போகும்போது முந்திக்கொண்டு உரசுவது இதனால்தான்.

ஃபுட்போர்டு முதலில் உரசினால் பயமில்லை. கீலில் மடங்கும், சத்தம் போட்டு எச்சரிக்கும். பெட்டி மடங்காது. ஃபைபர் கீறினால் பெயின்ட் செலவோடு போகும். உள்ளேயிருக்கும் இரும்பு பிராக்கெட் தரையில் ஊன்றினால் பின்டயரையே நெம்பித் தூக்கிவிடும்.

வாங்குவதற்கு முன் பெட்டியின் அளவுக்கு அட்டை வெட்டி வண்டியில் ஒட்டுங்கள். நீங்களும் வீட்டம்மாவும் ஏறி உட்காருங்கள், பையில் சாமான் இருக்கட்டும். டயரின் அடியிலிருந்து ஃபுட்போர்டின் வெளி ஓரத்துக்கு ஒரு நேர்ச்சட்டம் வைத்து, போனில் கோணம் பாருங்கள். சட்டத்தை அதே கோணத்தில் பின்டயருக்கு நகர்த்துங்கள். அட்டையின் எந்த மூலையும் அதைத் தொடக் கூடாது. இரண்டு விரல் இடைவெளி இருந்தால் மாட்டலாம்.

சேலம்: சூப்பர் மீட்டியோர் 650, கிரவுண்ட் கிளியரன்ஸ் 135 மி.மீ. பெட்டி மாட்டலாமா?

அந்த 135 வண்டியின் அடிவயிற்றுக்கு. சாய்வைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. சட்டம் வைத்துப் பாருங்கள்.

மதுரை: ஹிமாலயன் 450?

230 மி.மீ. உயரமான வண்டி, பெட்டியும் மேலேதான் நிற்கும். நீங்கள் பயப்பட வேண்டியது அகலத்துக்கு, டவுன் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் நுழையும்போது.

திருச்சி: வண்டியைத் தாழ்த்தும் லோயரிங் கிட் போட்டு, கூடவே நீள பெட்டியும் போட்டால் பார்க்க அம்சமாக இருக்குமே?

நிறுத்தி வைத்துப் பார்க்க அம்சம்தான். ஓட்டுவதாக இருந்தால் இரண்டில் ஒன்றைக்கூட யோசித்துப் போடுங்கள்.

நாமக்கல்: கொல்லிமலையில் 70 வளைவும் 20 கி.மீ. வேகத்தில்தான். உடம்பை நிமிர்த்தி வைத்து வண்டியை மட்டும் சாய்த்தால் திரும்பிவிடும். இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?

நீங்கள் சொல்லும் அந்த முறையில்தான் பெட்டி சீக்கிரம் உரசும். நீங்கள் வெளிப்பக்கம் நிமிர நிமிர, ஈடுகட்ட வண்டி உள்ளே கூடுதலாகப் படுக்கும். காலி மைதானத்தில் யு டர்ன் அடிக்க அருமையான வித்தை. பெட்டி தொங்கும் வண்டிக்கு ஆகாது. தோளை வளைவின் உள்பக்கம் கொண்டுபோங்கள், வண்டி நிமிரும்.

நாமக்கல் (மறுபடி): வேகம் குறைவாக இருக்கும்போது உள்பக்கம் சாய்ந்தால் வண்டி விழுந்துவிடாதா?

கிளட்ச்சை முழுசாகப் பிடித்துக்கொண்டு உருட்டினால் விழும். பாதி கிளட்ச், கொஞ்சம் ஆக்ஸிலேட்டர், பின்பிரேக்கில் லேசாகக் கால். இழுவை விடாமல் இருந்தால் நிற்கும்.

ஈரோடு: நாமக்கல்காரர் சொல்வதில் பாதி சரி. நடக்கிற வேகத்தில் வெளிப்பக்கம் உட்கார்ந்தால்தான் பேலன்ஸ்.

ஒப்புக்கொள்கிறேன், நடக்கிற வேகத்தில். அந்த வேகத்தில் சாய்வே சொற்பம். சிக்கல் அதற்கு மேலே, 20-க்கும் 30-க்கும் நடுவில். அதிலும் இடது வளைவு. நாம் இடது ஓரத்தில் போவதால் அங்கே ஆரம் சின்னது, இடது பெட்டிதான் முதலில் அடிபடும். எதிரே பஸ் வந்து உங்களை உள்ளே நெருக்கினால் இன்னும் சின்னது. சரி, இந்தப் பஞ்சாயத்தை இத்தோடு விடுவோம்.

தேனி: நீள பெட்டி உரசுமா?

முதல் பதில்.

வேலூர்: ஏலகிரிக்கு 14 வளைவுதானே, அங்கேயும் உரசுமா?

முதல் பதில். ஒரு வளைவு இருந்தாலும் உரசும்.

ஓசூர்: துணிப்பை சைலன்சரில் படுகிறது.

உருகும். இடையில் ஹீட் ஷீல்டோ, பையைத் தள்ளி நிறுத்தும் கம்பியோ இல்லாமல் ஓட்டாதீர்கள். பையின் வாரும் சக்கரப் பக்கம் தொங்கக் கூடாது.

கரூர்: பெட்டி மாட்டினால் ஆர்டிஓ பிடிப்பாரா?

ஆர்டிஓ ஆபீஸில் கேளுங்கள்.

திண்டுக்கல்: பெட்டி ஏற்கெனவே வாங்கிவிட்டேன், திருப்ப முடியாது. கொடைக்கானல் போக வேண்டும்.

பின் ஷாக்கின் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் இறுக்கத்தை, சுமைக்குத் தகுந்த மாதிரி கூட்டுங்கள், டயரில் மேனுவல் சொல்லும் காற்று இருக்கட்டும். கனமான சாமானைப் பெட்டியின் முன்பக்கம், அச்சுக்குக் கிட்டே வையுங்கள். தண்ணீர் கேனைப் பெட்டியின் வாலில் திணிக்காதீர்கள்.