வாசகர் கேள்வி பதில்: துரை பங்களாவை எங்கிருந்து பார்ப்பது?

கேள்வி: இலங்கை மலையகத்தில் எந்தத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாலும் துரை (தோட்ட நிர்வாகி) பங்களா மேட்டில்தான் இருக்கிறது. காட்சிக்காகவா? எல்லாம் ஏன் ஒரே சாயலில் இருக்கின்றன? (ஹட்டனிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: காட்சியும் ஒரு காரணம்தான். ஆனால் அடுத்த முறை பங்களா வாசலில் நின்று கீழே பாருங்கள். ஸ்டோர் என்கிற தேயிலை ஆலை, காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்களம், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள், கொழுந்து மலை எல்லாம் பெரும்பாலும் ஒரே பார்வைக்குள் வந்துவிடும். அப்புறம் லயத்து வாசலில் நின்று மேலே பாருங்கள், மரங்களுக்கு நடுவே கூரையும் புகைபோக்கியும் தெரிந்தால் அதிகம். இடம் தேர்ந்தவர்கள் இரண்டையும் யோசித்துத்தான் தேர்ந்தார்கள் என்று நினைக்கிறேன்.

ஆரம்பத்தில் இந்தப் பகட்டெல்லாம் கிடையாது. கோப்பிக் காலத்துத் துரைமார் பலர் காட்டை வெட்டிய இடத்திலேயே மரக்கட்டைச் சுவரும் புல் கூரையுமாக இருந்தவர்கள். 1852இல் வந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டபோது ஸ்டோர் என்று எதுவும் இல்லை, கொழுந்தைத் தன் பங்களா வராந்தாவில் மேசை போட்டுக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரி போட்டுக் காயவைத்தார். 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்து, தேயிலையில் பணம் வந்து, கம்பெனிகள் தோட்டங்களை வாங்கிய பிறகுதான் இன்று நாம் பார்க்கும் பெரிய பங்களாக்களில் பெரும்பாலானவை எழுந்தன.

சாயல் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் பொருளும் குளிரும். அந்தந்த மலையிலேயே உடைத்த கருங்கல்லில் சுவர். ஓடுகளைவிட எடை குறைவு, மலைப்பாதையில் ஏற்றிவருவது சுலபம் என்பதால் தகரக் கூரை. தகரத்தில் மழை விழுந்தால் பேச்சே கேட்காது, அதனால் உள்ளே பலகைச் சீலிங். முன்னால் உள்ள வராந்தா வங்காளத்து வெயிலுக்காகப் பிறந்தது, இங்கே பனிமூட்டத்துக்குத் தாங்காமல் பலர் அதற்குக் கண்ணாடி அடைத்துவிட்டார்கள். கணப்பும் புகைபோக்கியும் பிரிட்டிஷ் துரைமாரின் ஊர்ப் பழக்கம்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது பின்பக்கம். குசினி, அதாவது சமையலறை, பிரதான வீட்டைவிட்டுத் தள்ளி, நடுவே கூரை போட்ட ஒரு நடைபாதையோடு இருக்கும். புகையும் தீயும் எட்டி இருக்கட்டும் என்பது உண்மை, அப்புவும் (பங்களா சமையற்காரர்) மற்ற வேலைக்காரர்களும் முன்வாசலை மிதிக்காமல் வந்து போகட்டும் என்பதும் அதே அளவுக்கு உண்மை. கீழே லயத்திலும் தகரக் கூரைதான், ஆனால் சீலிங் கிடையாது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் (அறையில்) ஒரு குடும்பமே இருந்தது, பல இடங்களில் இன்றும் இருக்கிறது. கல்லுடைத்துச் சுமந்தவர்களின் வீடும் பங்களாவும் ஒரே தோட்டத்தின் ஒரே வரைபடத்தில் இருப்பவை, ஒன்றை மட்டும் படம் எடுத்துப் பழைய அழகு என்று போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் தோட்டத்துப் பங்களாவைப் பற்றி எழுத நினைத்தால் அங்கே அப்புவாக இருந்தவர்களின் குடும்பங்களிடம் முதலில் பேசுங்கள். எந்த அறையில் மணி அடித்தால் எங்கே கேட்கும் என்பதுவரை சொல்வார்கள்.

கேள்வி: அப்புத்தளை அடிஷம் பங்களாவும் துரை பங்களாதானா? (பண்டாரவளை வாசகி)

பதில்: சரியாகச் சொன்னால் இல்லை. தோட்டத்தை நடத்தும் துரைக்குக் கம்பெனி கட்டிக்கொடுத்த வீடல்ல, ஆங்கிலேய வர்த்தகர் சர் தாமஸ் வில்லியர்ஸ் தனக்காக 1931இல் கட்டிய மாளிகை. பெயர் இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள ஒரு கிராமத்துடையது. கருங்கல் சுவர்களோடு ஆங்கிலேய கிராமத்து மாளிகை போலவே எழுப்பியிருக்கிறார், வராந்தா வைத்த தோட்டத்து பங்களாவின் சாயல் அதில் மிகக் குறைவு. இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். வரவேற்பறையையும் நூலகத்தையும் பார்க்கலாம், அவர்கள் செய்யும் ஜாமும் கிடைக்கும்.

கேள்வி: பங்களா தமிழ்ச் சொல்லா? (நுவரெலியா மாணவர்)

பதில்: இல்லை, வங்காளத்து வீடு என்ற பொருளில் வந்தது. உங்கள் லயத்தையும் பாருங்கள்: காம்பராவும் குசினியும் போர்த்துக்கீசர் விட்டுப்போனவை, வாசல் திண்ணையான இஸ்தோப்பு ஒல்லாந்தருடையது.