முதல் மழை வந்தாச்சு, இனி என்ன? – வாசகர் கேள்வி பதில்

நான்கைந்து மாதம் வானத்தைப் பார்த்து அலுத்துப்போன பெங்களூருவில் மழை இறங்கியதும் தபால் குவிந்துவிட்டது. எல்லாமே தண்ணீர்க் கேள்விகள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

சனிக்கிழமை ராத்திரி நல்ல மழை. ஞாயிறு காலையில் பிள்ளைகளோடு ஹலசூர் ஏரிக்கரைக்குப் போனால், மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு கரையோரம் மிதக்கின்றன. மழை பெய்தால் ஏரிக்கு நல்லதுதானே? – ஹலசூர் வாசகி

ஏரிக்கு நல்லதுதான். ஆனால் முதல் மழையில் ஏரிக்கு வந்து சேர்வது மழைத் தண்ணீர் மட்டுமல்ல. மாதக்கணக்கில் ராஜகாலுவேயில் (பெரிய மழைநீர்க் கால்வாய்) தேங்கிக் கிடந்த சாக்கடை, குப்பை, ரோட்டு எண்ணெய், நாய்க் கழிவு எல்லாம் ஒரே மூச்சில் அடித்துக்கொண்டு வருகிறது. அந்த அழுக்கைத் தின்னும் பாக்டீரியா, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது. பலமான காற்றும் மழையும் அடிச்சேற்றைக் கலக்கிவிட்டால் இன்னும் மோசம். கெண்டை வகை மீனுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தால் சௌக்கியம். 2-க்குக் கீழே போனால் மூச்சுத் திணறும்.

விடியற்காலையில் ஏன்? பச்சைப் பாசி பகலில் ஆக்சிஜன் தரும், இரவில் தானே எடுத்துக்கொள்ளும். அதனால் சூரியன் வருவதற்குச் சற்று முன்தான் அளவு அடிமட்டத்துக்கு இறங்குகிறது. மறுநாளும் மேகமூட்டமாக இருந்தால் பாசிக்கு வெயில் கிடைக்காமல் சிக்கல் நீளும். ரோகு, கட்லா முதலில் சாகும். விராலும் கெளுத்தியும் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் என்பதால் தப்பித்துவிடும். செத்த மீன்களில் விரால் ஒன்றுகூட இல்லை, எல்லாம் கெண்டையே என்றால், விஷத்தைவிட ஆக்சிஜன் குறைவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 2016 மார்ச்சில் இதே ஹலசூர் ஏரியில் ஆயிரக்கணக்கில் மீன் செத்து மிதந்தது பலருக்கு நினைவிருக்கும்.

பிள்ளைகள் பொரி, பிரெட் போடுவதை ஒரு வாரத்துக்காவது நிறுத்துங்கள். தின்னாமல் மிஞ்சுவது அழுகி, இருக்கும் ஆக்சிஜனையும் குறைக்கும். கரையில் மலிவாக விற்கும் மீனை வாங்காதீர்கள். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், எந்த வாய்க்கால் வாயருகே என்று படத்தோடு குறித்து, மாநகராட்சியின் ஏரிப் பிரிவுக்கும் கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்புங்கள். மத்தியானம் போய் அளந்தால் ஆக்சிஜன் சரியாகவே இருக்கும், புகார் நிற்காது.

முப்பதுக்கு நாற்பது சைட், மாடி சுமார் 800 சதுர அடி. மழைத் தண்ணியைச் சம்பில் விடப் பிளம்பர் பைப் போட்டுக் கொடுத்தார். முதல் மழையிலேயே சம்ப் முழுக்கக் கலங்கி நாற்றம். எங்கே தப்பு? – கே.ஆர்.புரம் வாசகர்

கணக்கில் தப்பு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் மாடி ஏறக்குறைய 75 சதுர மீட்டர். 20 மி.மீ. மழைக்கு 1,500 லிட்டர் விழும். தெறிப்பும் ஈரமும் போக 1,200 லிட்டர் கைக்கு வரும். அதில் முதல் 2 மி.மீ., அதாவது 150 லிட்டர், புறா எச்சத்தையும் தூசியையும் கழுவிக்கொண்டு வருவது. அது சம்புக்குள் போகவே கூடாது.

பெரும்பாலான வீடுகளில் இதற்கென்று நாலு அங்குல பைப்பில் மூன்றடித் துண்டு ஒன்றைக் கீழ்நோக்கி மாட்டி, அடியில் மூடி போட்டுவிடுகிறார்கள். அதில் பிடிப்பது ஏழெட்டு லிட்டர்! மீதி அழுக்கு அப்படியே சம்புக்குத்தான். 200 லிட்டர் டிரம் ஒன்றை வையுங்கள். மாடிக் குழாயில் T வடிவ இணைப்பு ஒன்றை மாட்டி, தண்ணீர் முதலில் டிரம்முக்கு இறங்கும்படி செய்யுங்கள். மூடி காற்றுப் புகாமல் இறுக்கமாக இருக்க வேண்டும். டிரம் நிறைந்த பிறகுதான் தண்ணீர் பக்கத்துக் கிளையில் ஏறி ஃபில்டருக்குப் போகும். டிரம்மின் அடியில் ஒரு சின்னக் குழாய் வைத்துச் சொட்டுச் சொட்டாக வடியும் அளவு திறந்து விடுங்கள். அடுத்த மழைக்குள் தானே காலியாகிவிடும். இதைத் திறக்க மறப்பதுதான் அதிகம் நடக்கும் கோளாறு. டிரம் நிறைந்தே கிடந்தால் அடுத்த மழையின் அழுக்குக்கு இடமில்லை.

ஃபில்டரில் அடியில் 40 மி.மீ. ஜல்லி, மேலே 20 மி.மீ. ஜல்லி, அதற்கு மேல் கழுவிய ஆற்றுமணல். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே நைலான் வலை. வலை இல்லாவிட்டால் மணல் ஜல்லிக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். பிறகு தண்ணீர் மேலே வழியும், "ஃபில்டர் வேலை செய்யவில்லை" என்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, ஏப்ரலில், மேல் மணலை எடுத்துக் கழுவிப் போடுங்கள்.

இன்னொன்று பாருங்கள். உங்கள் சம்பின் வழிகால் பைப் ரோட்டு டிரெயினுக்குப் போகிறதா? மழையில் டிரெயின் நிறைந்தால் அந்தத் தண்ணீர் திரும்பி சம்புக்குள் வரும். நீங்கள் சொல்லும் நாற்றத்துக்கு இதுவே காரணமாக இருக்கலாம். பின்னோக்கி வராமல் தடுக்கும் வால்வு போடுங்கள். இடம் இருந்தால் வழிகாலை ஒரு இங்குகிணற்றில், அதாவது மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் கிணற்றில், விடுவது இன்னும் உத்தமம். மூன்றடி விட்டம், இருபதடி ஆழம், சிமெண்ட் உறை. ஒரு தடவைக்கு 4,000 லிட்டர் கொள்ளும். இந்த வேலையைத் தலைமுறையாகச் செய்யும் மண்ணு வட்டர் சமூகத்தார் பெங்களூருவில் இருக்கிறார்கள். மண்ணைத் தொட்டே எத்தனை அடியில் உறை நிறுத்தலாம் என்று சொல்லிவிடுவார்கள். நேரில் பார்த்துப் புரிந்துகொள்ள ஜெயநகரில் குடிநீர் வாரியத்தின் மழைநீர் சேகரிப்புப் பூங்கா இருக்கிறது.

இப்போது கலங்கிக் கிடக்கும் சம்பை இறைத்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டபின் 1,000 லிட்டருக்கு 5 கிராம் பிளீச்சிங் பவுடர். அப்படியே கொட்டாதீர்கள். ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அரை மணி நேரம் மோட்டார் போட வேண்டாம்.

அந்தத் தண்ணியைக் குடிக்கலாமா? – அதே வாசகர்

முதல் இரண்டு மழையை விட்டுவிடுங்கள். அதன் பிறகு பிடித்ததை ஃபில்டர் செய்து, கொதிக்க வைத்துக் குடிக்கலாம். ஆர்.ஓ. மெஷின் வேண்டாம். உப்பே இல்லாத தண்ணீரில் உப்பு நீக்குகிறேன் என்று பாதியை வீணாகக் கொட்டும். பருப்பு வேக வைக்க இதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலிருந்து விழுவதை மட்டும் குடிக்கப் பிடிக்காதீர்கள்.

ஒரு வாரமாக மழை. எங்கள் போர்வெல்லில் இன்னும் காற்றுத்தான் வருகிறது. – விவேக் நகர் வாசகர்

இந்த ஊரின் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. மண் வழியாக இறங்கும் தண்ணீர் பாறை வெடிப்பைத் தேடிப் போய்ச் சேரப் பல மாதம் ஆகலாம். ஆயிரம் அடிக்குக் கீழே தோண்டிய போருக்கு ஒரு பருவமழைகூடப் போதாது. பெய்யும் அளவைப் போலவே பெய்யும் விதமும் முக்கியம். 2024 ஏப்ரலில் நகரில் மழையே பதிவாகவில்லை. அதே ஆண்டு ஜூன் 2-ம் தேதி ஒரே நாளில் 111.1 மி.மீ. கொட்டி, 1891-ன் ஜூன் சாதனையை முறியடித்தது. அப்படிக் கொட்டுவதில் பெரும்பங்கு ரோட்டோடு ஓடிவிடும்.

அவசரத்தில் மாடித் தண்ணீரை நேராக போர் கேசிங்குக்குள் (போர்வெல்லுக்குள் இறக்கிய குழாய்) விடச் சொல்வார்கள். செய்யாதீர்கள். அழுக்கு பாறை வெடிப்பில் போய் உட்கார்ந்தால் கழுவவே முடியாது, பக்கத்து வீட்டு போரும் கெடும்.

அடுத்த வாரம் ஹெசரகட்டா பக்கம் இரண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். மழை வந்தால்? – ஸ்ரீராமபுரம் நண்பர்கள்

அர்க்காவதியின் குறுக்கே 1894-ல் கட்டிய ஏரி அது. பார்க்கப் புல்வெளி மாதிரி தெரியும் காய்ந்த பரப்பில் பாதி, ஏரிப் படுகைதான். ஒரு மழைக்குப் பிறகு மேலே ஓடுபோல இறுகியிருக்கும், கால் வைத்தால் முழங்கால்வரை இறங்கும். அங்கே கூடாரமும் வேண்டாம், காரும் வேண்டாம். கரைக்கு வெளியே, வாய்க்கால் தடம் இல்லாத மேட்டில் போடுங்கள்.

கோடை இடிமழை பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் வரும். நீரோரம் நடப்பதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் கண்ணாடி ஏற்றிய காருக்குள் போய்விடுங்கள். கூடாரமும் மரத்தடியும் பாதுகாப்பல்ல. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்து வெளியே வாருங்கள். ராத்திரி ஈசல் மொய்த்தால் விளக்கை அணைத்து, பத்தடி தள்ளி ஒரு டார்ச்சை வாளித் தண்ணீர் மேல் தொங்கவிடுங்கள்.

மழை விட்டு மூன்றே நாளில் கொசுப்புழு. இவ்வளவு சீக்கிரமா? – ஆஸ்டின் டவுன் வாசகி

முட்டை புதிதல்ல. டெங்கு கொசுவின் முட்டை காய்ந்த தொட்டியின் ஓரத்தில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும், தண்ணீர் பட்டதும் பொரியும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் போதாது. தொட்டி, டிரம், ஃபிரிட்ஜ் பின்தட்டு ஆகியவற்றின் ஓரத்தை வாரம் ஒருமுறை பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும்.

மாடித் தொட்டிச் செடிகள் மழையில் நனைந்தும் வாடுகின்றன. – ஹலசூர் வாசகி

எலும்பாய்க் காய்ந்த மண் தண்ணீரை ஏற்காது. தொட்டிச் சுவரை ஒட்டிய இடுக்கு வழியே ஓடி அடியில் வடிந்துவிடும். ஒரு விரலை இரண்டங்குலம் உள்ளே விட்டுப் பாருங்கள், தூசியாகத்தான் இருக்கும். வாளியில் மழைத் தண்ணீர் பிடித்து, தொட்டியை விளிம்புவரை அதில் இறக்குங்கள். மண்ணிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று வரும். குமிழி நின்றதும் எடுத்து, இரண்டு செங்கல் மேல் வைத்து வடியவிடுங்கள்.