சின்ன ஜெட்ல ஏறுற மகன், ரயரில கிடக்கிற ஆபத்து

உப்புவெளியில இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறா: மகன் டுபாயில கணக்கு வேலை, முதலாளி அடிக்கடி தன்ர சின்ன ஜெட்ல கூட்டிக்கொண்டு போறாராம், ரயர் வெடிச்சு ஒரு ஜெட் எரிஞ்ச கதை கேட்டதில இருந்து தனக்கு நித்திரை இல்லையாம், ஏற முதல் அவன் என்னத்தைக் கேக்கணும் எண்டு.

அம்மா, நீங்க கேட்டது அனேகமா 2008 செப்டம்பர்ல அமெரிக்காவில சவுத் கரோலினா, கொலம்பியாவில நடந்ததுதான். லியர்ஜெட் 60. ஓடுபாதையில வேகம் எடுத்துக்கொண்டு போகேக்க ரயர் வெடிச்சுது, ஆறு பேரில நாலு பேர் போயிட்டினம், தப்பின ரெண்டு பேருக்கும் கடுமையான எரிகாயம்.

இத்தனைக்கும் காரணம் காத்து. அந்த மொடல் ரயர்ல ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 2 வீதம் காத்து தானா இறங்கும், 15 வீதம் இறங்கினா ரயரையே மாத்தணும், அதாவது எட்டு நாள் பாக்காம விட்டாலே சரி கதை முடிஞ்சுது, அந்த ஜெட்டை நடத்தினவையள் மூண்டு கிழமையா பாக்கேல்லை எண்டு விசாரணையில வந்தது. எங்கட ஓட்டோ ரயர் மாதிரி காலால உதைச்சுப் பாக்கிற விசயம் இல்லை இது, உள்ளுக்க 200 பவுணுக்கு மேல காத்து, குறைஞ்சாலும் பாக்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கும். காத்து அளக்கிற கேஜ் வைச்சாத்தான் தெரியும். நானும் சில்லு, பிரேக் வேலையில கிடந்த ஆள், கண்ணால பாத்துட்டு ஓகே எண்டு எழுதிறவனைக் கண்டா எனக்கு இண்டைக்கும் பத்திக்கொண்டு வரும்.

ஆனா ரயர் வெடிச்சதோட நிண்டிருந்தா இவ்வளவு வந்திராது. சிதறின துண்டுகள் சில்லுப் பக்கத்து வயரையும் பிரேக் எண்ணெய்க் குழாயையும் அடிச்சிட்டுது, அதால விமானம் தான் ஆகாயத்தில நிக்கிறதா நினைச்சு, எஞ்சின் காத்தைத் திருப்பி வேகம் குறைக்கிற கதவுகளை மூடிட்டுது, பைலட் நிப்பாட்டப் பாக்க எஞ்சின் முன்னுக்குத் தள்ளுது. இன்னொண்டும் இருக்கு. வீ-வன் எண்டு ஒரு வேகம், அதைத் தாண்டினா நிப்பாட்டக் கூடாது, மேல ஏறிட்டுப் பிறகு இறங்குறதுதான் முறை. இந்தப் பைலட்மார் அதைத் தாண்டின பிறகு நிப்பாட்டப் பாத்தினம். குற்றம் சொல்லிறது லேசு, நடுச்சாமத்தில அந்தச் சத்தம் கேட்டா யாருக்கும் கை பிரேக்குக்குத்தான் போகும், அதுக்காகத்தான் சிமுலேட்டர்ல, அதாவது தரையில இருந்தே விமானம் ஓட்டிப் பழகிற மெசின்ல, திரும்பத் திரும்பப் பழக்கிறது.

மகன் கேக்க வேண்டியது பெரிசா ஒண்டும் இல்லை. ரயர் காத்து கடைசியா எப்ப கேஜ் வைச்சுப் பாத்தது, ஆர் பாத்தது? பைலட்மார் கடைசியா எப்ப சிமுலேட்டருக்குப் போனவை? ஒழுங்கா நடத்திற இடம் எண்டா கோவிக்காம தேதி சொல்லுவினம். மழுப்பினா, வயித்துக்குத்து எண்டு சொல்லிட்டு மற்ற பிளேன்ல ரிக்கெட் போடட்டும், முதலாளி ஒண்டும் நினைக்க மாட்டார். பிந்துது பிந்துது எண்டு முதலாளி பைலட்டை நெருக்கிற ஆளா எண்டும் பாக்கச் சொல்லுங்கோ, என்னைக் கேட்டா ரயரை விட அதுதான் எனக்குப் பயம்.

ஏறேக்க மகனுக்கு நைலோன் சட்டை வேண்டாம், நெருப்பில உருகித் தோலோட ஒட்டும். பருத்திச் சட்டை, மூடின சப்பாத்து. இருந்தவுடனே போனை நோண்டாம கதவுக் கைபிடியை எந்தப் பக்கம் திருப்பிறது எண்டு பாத்து வைக்கட்டும்.