நீல நீர்யானையின் பளபளப்பு

கேள்வி: நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் உள்ள எகிப்திய நீல நீர்யானை சுட்ட களிமண்ணா? அதற்கு மெருகு எப்படிக் கொடுத்தார்கள்?
– வாசகி, திருச்சி

பதில்: களிமண் இல்லை, ஃபயன்ஸ் எனும் கலவை. 90 சதவீதத்துக்கு மேல் பொடித்த குவார்ட்ஸ் எனும் படிகக்கல். கூடவே கொஞ்சம் சுண்ணாம்பு, நேட்ரான் எனும் சோடா உப்பு அல்லது செடிச் சாம்பல், நீலத்துக்குத் தாமிரம். களிமண்போல வளையாது, இழுத்தால் விரிசல் விடும். அதனால்தான் உருவங்கள் இப்படித் திரண்டு உருண்டு இருக்கின்றன.

மெருகைத் தனியாகப் பூசாமலும் வரவழைக்கலாம். காயும்போது உப்பு மேலே பூக்கும். 800 முதல் 1000 டிகிரி செல்சியஸில் சுட்டால் அது குவார்ட்ஸோடு உருகிக் கண்ணாடியாகும். பூத்த உப்பைக் கை தொட்டு உதிர்த்தால் அந்த இடம் மங்கிவிடும்.

எகிப்தின் மெய்ர் என்ற இடத்தில் ஒரு கல்லறையில் கிடைத்த இந்த நீர்யானை 12ஆம் அரச வம்சத்தது, ஏறத்தாழ 3,900 ஆண்டு பழையது. நீளம் 20 செ.மீ. உடம்பெங்கும் தாமரை வரைந்திருக்கிறார்கள். கால்களை நன்றாகக் கவனியுங்கள்: மூன்று பிற்காலத்தில் ஒட்டியவை. மறுமையில் நீர்யானை இறந்தவரைத் தாக்கிவிடக் கூடாதென்று பழைய கால்களை அன்றே வேண்டுமென்று உடைத்திருக்கலாம்.

எகிப்துக்குத் தெற்கே, இன்றைய சூடான் பக்கம் இருந்த நூபியாவின் பழைய கெர்மா நகரத்துக்காரர்கள் இன்னும் துணிச்சலானவர்கள். குவார்ட்ஸ் கல்லையே செதுக்கி அதன்மேல் நீல மெருகேற்றினார்கள். அவற்றைப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.