வாசகர் கேள்வி: கறுத்த தோலில் ஒக்சிமீற்றர் பிழைக்குமா?

கேள்வி: அம்மம்மாவுக்கு இழுப்பு. குருதியில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று காட்ட விரலில் மாட்டும் கருவி (ஒக்சிமீற்றர்) 94 காட்டுது, அவவோ மூச்செடுக்கத் திணறுறா. கறுத்த தோலில் அது கூட்டிக் காட்டும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: உண்மைதான். கருவி சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை விரலுக்குள் விட்டு, குருதி எவ்வளவை உறிஞ்சுகிறது என்று பார்த்து ஒட்சிசனைக் கணக்குப் போடுகிறது. தோலுக்குக் கருநிறம் தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சும். கணக்கைச் சரிபார்த்ததோ பெரும்பாலும் வெளிர்த் தோல்காரரில். 2020 இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது நாடிக்குருதியில் உண்மையளவு 88 க்குக் கீழே இருந்தது வெள்ளையரின் அளவீடுகளில் 3.6 வீதம், கறுப்பினத்தவரில் 11.7 வீதம். அவை எங்கள் ஆட்களில் எடுத்த எண்கள் அல்ல; என்றாலும் அலட்சியம் செய்ய வேண்டாம்.

அம்மம்மா சுகமாயிருக்கும் நாளில் அளந்து கிளினிக் கொப்பியில் எழுதி வையுங்கள். ஐந்து நிமிடம் இருத்தி, கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கி, நகச்சாயமோ மருதோன்றியோ இல்லாத விரலில் மாட்டி, எண் ஆடாமல் நிற்கும்வரை பொறுங்கள். வழமையைவிட மூன்று நான்கு குறைந்தால், 94 என்றாலும் கவனம். மூச்சை முழு நிமிடம் எண்ணுங்கள். 25 அல்லது அதற்கு மேல் என்றாலோ, ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்ல ஏலாவிட்டாலோ கருவியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே 1990 க்கு எடுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம். அது வரும்வரை, வைத்தியர் தந்த நீலப் பம்ப்பை ஸ்பேசர் (பம்ப்புக்கும் வாய்க்கும் இடையில் பொருத்தும் குழாய்) வைத்து 30 முதல் 60 செக்கனுக்கு ஒருமுறை, பத்துவரை கொடுக்கலாம். ஒட்சிசன் குறைந்து நீலம் பாய்ந்திருக்கிறதா என்று முகத்தில் தேடாதீர்கள். கறுத்த தோலில் தெரியாது. நாக்கையும் உதட்டின் உட்பக்கத்தையும் பாருங்கள்.

வாட்டில் "எண் நல்லாயிருக்கு" என்று வீட்டுக்கு அனுப்பப் பார்த்தால், நாடிக்குருதி வாயுச் சோதனை (நாடியில் குருதி எடுத்து ஒட்சிசனை நேரே அளப்பது) தேவையா என்று கேளுங்கள். கேட்பது குற்றமில்லை.

கேள்வி: அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைச் சம்மதப் படிவத்தைச் சிங்களத்தில் நீட்டினார்கள். ஒப்பமிடலாமா?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: விளங்காமல் இட வேண்டாம். அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரைப்படி அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. தமிழ் தெரிந்த தாதியையோ வைத்தியரையோ கூப்பிடச் சொல்லி, என்ன சத்திரசிகிச்சை, எந்தப் பக்கம், என்ன மயக்கமருந்து, என்ன ஆபத்து என்று கேட்டுத் தெளிந்தபின் ஒப்பமிடுங்கள். மறுத்தால் திகதி, நேரம், வாட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்தில் முறையிடலாம். ஒரு மாதத்துக்குள் கொடுங்கள்: உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குக்கும் காலக்கெடு ஒரு மாதம்தான், ஆணைக்குழு விசாரிக்கும் காலம் அதில் சேராது.