மேடையில் ஒரு கப்பல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

1930களில் நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலில் சிங்கப்பூருக்கு வரும் ஒரு குடும்பத்தைப் பற்றிய நாடகத்துக்குச் சமூக மன்றம் ஒன்றில் ஒத்திகை பார்த்துவருகிறோம். பதிவுசெய்த ஒலி வேண்டாம், மேடையோரத்தில் அமரும் நான்கு கலைஞர்கள் தாள வாத்தியங்களைக் கொண்டே கடலையும் கப்பலையும் கேட்கச் செய்ய வேண்டும் என்கிறார் இயக்குநர். ஓஷன் டிரம் ஒன்று வாங்கினோம். பயணக் காட்சிகள் முழுவதும் அதை அசைத்துப் பார்த்தோம்; மழை பெய்வதுபோல் இருக்கிறதே தவிர, கடல் வரவில்லை. எங்கே தவறுகிறோம்?

வாசகர், உட்லண்ட்ஸ்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இயக்குநரின் முடிவை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். நடிகர் ஒரு சொல்லுக்கு முன் மூச்சை இழுத்து நிற்கும்போது, அவரைப் பார்த்துக்கொண்டே அலையையும் நிறுத்திவைக்க மேடையோரத்தில் இருக்கும் கலைஞரால் முடியும். பதிவுசெய்த ஒலியால் முடியாது.

ஓஷன் டிரம் என்பது இரு தோல்களுக்கு நடுவே சிறு எஃகுக் குண்டுகள் உருளும் வாத்தியம். அதை இடைவிடாமல் அசைத்தால் மழையாகத்தான் கேட்கும், ஏனென்றால் மழைக்கு இடைவெளி கிடையாது. அலை தொலைவில் திரண்டு, உடைந்து, நுரையாகப் பின்வாங்கி, அடுத்தது வரும்வரை சற்று அடங்கிக் கிடக்கிறது. இவற்றில் பின்வாங்கும் நுரை ஒன்றுதான் ஓஷன் டிரம்முக்கு உரியது. திரள்வதற்குப் பேஸ் டிரம்மில் மெத்தென்ற முனையுள்ள குச்சிகளால் மிகத் தாழ்வாகத் தொடங்கி வளரும் உருட்டலும், உடைவதற்குத் தொங்கும் சிம்பலில் நூல் சுற்றிய குச்சிகளால் எழுப்பும் ஒரு வீச்சும் வேண்டும். அதன் பிறகே ஓஷன் டிரம்மை ஒரு பக்கமாக மெல்லச் சாய்த்து, குண்டுகள் ஓரத்தைத் தொட்டதும் அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பிடித்த நிலையில் கலைஞருக்குப் பொறுமை இருந்தால் கடல் வந்துவிடும்.

எந்தக் கடல் என்பதும் முக்கியம். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. அது திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் படகுகளில் சென்று ஏறினார்கள். வங்கக் கடல் நேரே வந்து மோதும் கரை அது, ஆகவே புறப்பாட்டுக் காட்சியில் அலைக்கும் அலைக்கும் நடுவே பத்து வினாடியளவு இடைவெளி விட்டு ஆழமாக வாசிக்கலாம். சிங்கப்பூர் நீரிணையில் தீவுகளுக்கு நடுவே அவ்வளவு பெரிய அலை எழுவதில்லை. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஒரு மாலை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். குட்டையான, அடுத்தடுத்து வரும் சளப் சளப் என்ற ஓசைதான் கேட்கும். தேக்காவில் மூங்கில் முறம் ஒன்று வாங்கி, ஒரு கைப்பிடி துவரையை அதில் போட்டு, புடைக்காமல் பக்கவாட்டில் மட்டும் ஆட்டினால் ஏறத்தாழ அந்த ஓசை கிடைக்கும்.

இவை எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. கப்பலில் ஏறிய பிறகு அந்தக் குடும்பம் கரையில் உடையும் அலையைக் கேட்பதே இல்லை. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்கள் கேட்பது கப்பலை: அடியில் இயந்திரம், பக்கத்தில் முனகும் பலகைகளும் கயிறுகளும், இரவெல்லாம் மணி. உங்கள் நாடகத்தின் நடுப்பகுதிக்குக் கடலோசை பெரிதாகத் தேவையில்லை, கப்பலோசைதான் தேவை.

முனகலுக்கு உறுமியை மிஞ்சிய வாத்தியம் எனக்குத் தெரியாது. தைப்பூசத்தில் அதை வேகமாகக் கேட்டே பழகியிருக்கிறோம். வளைந்த குச்சியால் தோலை மிக மெதுவாக, ஒரு மூச்சு நீளத்துக்கு ஒரே தேய்ப்பாகத் தேய்த்தால், பாரம் தாங்கும் பலகை ஒருபக்கம் சாயும் ஒலி வரும். மேலைநாட்டுக் கலைஞர்கள் ரப்பர் பந்து செருகிய குச்சியால் பேஸ் டிரம்மைத் தேய்த்து இதையே செய்கிறார்கள். நம்மிடம் அதற்கென்றே ஒரு வாத்தியம் தலைமுறைகளாக இருக்கும்போது, அதை விட்டுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கும். இயந்திரத்துக்கு மிருதங்கத்தின் ரவை பூசிய தொப்பியில், அதாவது தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கத் தோலில், மாறாத காலப்பிரமாணத்தில் மந்தமான ஒற்றைத் தட்டு போதும். தொப்பியை அழுத்தி ஒலியை வழுக்கச் செய்யும் கும்கி வேண்டாம், அது உடனே கச்சேரியை நினைவூட்டிவிடும்.

கப்பல் மணிக்கு ஒரு கணக்கு உண்டு. மாலுமிகள் முறைவைத்துப் பார்க்கும் நான்கு மணி நேரக் காவல் ஒன்றில் அரை மணிக்கு ஓர் அடியாகக் கூடி, காவல் முடியும்போது எட்டு அடிகள் ஆகும். அடிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஒலிக்கும். நள்ளிரவில் ஒரு காவல் தொடங்குவதால், உங்கள் காட்சி இரவு இரண்டு மணி என்றால் இரண்டு இணைகள், மூன்றரை மணி என்றால் மூன்று இணைகளும் தனியாக ஓரடியும். சேகண்டி இங்கே பொருந்தாது, அதன் அதிர்வு அடங்காமல் கோயிலைக் கொண்டுவந்துவிடும். கனமான பித்தளை மணியை அடித்து, உடனே விரலால் அணைத்துவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். பல ஆண்டுகளுக்கு முன் நான் பங்கேற்ற ஒரு நாடகத்தில், மகனை வழியனுப்பும் தாயின் வசனத்தின் கீழ் நுரையொலியைத் தொடர்ந்து வைத்திருந்தோம்; பின்வரிசையில் இருந்தவர்களுக்கு அந்த வசனத்தில் பாதி போய்ச் சேரவில்லை. 'ச', 'ஷ' போன்ற ஒலிகள் எழும் உயர்ந்த அதிர்வெண்களிலேயே உருளும் குண்டுகளின் சீறலும் இருப்பதால் ஒன்று மற்றதை மூடிவிடுகிறது. வசனத்தின் கீழே உறுமியும் தொப்பியும் இருக்கலாம், ஓஷன் டிரம் கூடாது. மற்றொன்று, ஈரக் காற்றில் ஒத்திகை பார்த்த தோல்கள் குளிரூட்டிய அரங்கின் வறண்ட காற்றில் இறுகிச் சுருதி ஏறிவிடும். வாத்தியங்களை இரண்டு மணி நேரம் முன்பே அரங்கில் வைத்து, பிறகு சுருதியைப் பாருங்கள்.

வந்துசேரும் காட்சிக்கு ஒரு யோசனை. மேல்தளப் பயணிகள் பலர் அக்காலத்தில் நேரே ஊருக்குள் வரவில்லை, 1874இல் தொடங்கிய செயின்ட் ஜான்ஸ் தீவின் தொற்றுத்தடுப்பு நிலையத்தில்தான் முதலில் இறக்கப்பட்டார்கள். அதுவரை இடைவிடாமல் ஒலித்த மிருதங்கத் தட்டை அந்த இடத்தில் சட்டென்று நிறுத்துங்கள். பார்வையாளர்கள் எப்போதோ கவனிக்க மறந்துவிட்ட அந்த ஒலி நின்றதும்தான் இவ்வளவு நேரம் கப்பலில் இருந்தோம் என்பதை உணர்வார்கள். அந்த அமைதி நன்றாகப் படிந்த பிறகு, நங்கூரம் இறங்கும் ஓசைக்காகக் கனத்த இரும்புச் சங்கிலி ஒன்றைப் பலகை விளிம்பின் மேலாகத் தகர வாளிக்குள் முழு நீளமும் ஓடவிடுங்கள். அதற்கு மேல் முறத்தில் துவரை அசைந்தால் போதும்.