நபிகளின் முன்மாதிரி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அலுவலக நண்பர் பல் துலக்குவது உட்பட அனைத்தையும் நபிகள் நாயகம் செய்தபடியே செய்ய முயல்கிறார். ஏழாம் நூற்றாண்டு அரேபியப் பழக்கங்களைத் திரும்பச் செய்வது எப்படி அறமாகும்? மேலும், குறையே சொல்லக்கூடாத ஒருவரிடமிருந்து குறையுள்ள மனிதன் எதைக் கற்க முடியும்?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

மிஸ்வாக் குச்சியால் பல் துலக்குவது உங்கள் நண்பருக்கு நபியின் மீதுள்ள அன்பு. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் நபி சொன்னது, செய்தது எல்லாமே ஒரே தரத்துக் கட்டளை என்று மரபு கருதவில்லை. பேரீச்சை மகரந்தச் சேர்க்கை பற்றித் தாம் சொன்னதைக் கேட்டு மதீனாவாசிகள் அதை விட்டுவிட, விளைச்சல் குறைந்தபோது, உங்கள் உலக விஷயங்களை நீங்களே நன்கறிவீர்கள் என்று அவர் சொன்னதாக இமாம் முஸ்லிம் தொகுத்த ஹதீஸ் (நபிமொழி) நூலில் உள்ளது.

‘அல்லாஹ்வின் தூதரிடம் உங்களுக்கு அழகிய முன்மாதிரி இருக்கிறது’ என்னும் குர்ஆன் வசனம் (33:21) அகழ்ப்போரைப் பேசும் பகுதியில் வருவதைக் கவனியுங்கள். 627இல் மதீனாவைக் காக்க அகழ் வெட்டியபோது நபிகளும் மண் சுமந்தார். அவருடைய வயிற்றைப் புழுதி மூடியிருந்ததைக் கண்டதாகத் தோழர் பராஉ சொல்வது இமாம் புகாரியின் ஹதீஸ் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது.

இதைவிட ஆழமானது மறு ஆண்டு மக்காவுக்கு அருகிலுள்ள ஹுதைபிய்யாவில் நடந்தது. உம்ரா என்னும் புனிதப் பயணத்துக்காகப் புறப்பட்ட ஏறத்தாழ 1400 பேரை மக்காவுக்குள் விட மறுத்த குறைஷியர் (மக்காவை ஆண்ட குலத்தார்), இந்த ஆண்டு திரும்பிப் போய் அடுத்த ஆண்டு வரவேண்டும் என்று ஒப்பந்தம் கேட்டார்கள். ‘அல்லாஹ்வின் தூதர்’ என்ற சொற்களையும் அதிலிருந்து நீக்கச் சொன்னார்கள். ஒப்பந்தத்தை எழுதிய மருமகன் அலீ அழிக்க மறுத்துவிட, நபிகளே அதை அழித்தார். பிறகு, பயணச் சடங்கை அங்கேயே முடித்துக்கொள்ளும் விதமாகத் தோழர்களிடம், எழுந்து பலியிட்டுத் தலைமுடியை மழித்துக்கொள்ளுங்கள் என்று மூன்று முறை சொல்லியும் ஒருவர்கூட எழவில்லை. அவருக்காக உயிரையும் கொடுக்கக்கூடியவர்கள்தான், மனம் உடைந்திருந்தார்கள். அவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. கூடாரத்துக்குள் சென்று மனைவி உம்மு ஸலமாவிடம் நடந்ததைச் சொன்னார். யாரிடமும் ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போய் உங்கள் ஒட்டகத்தை அறுத்து, நாவிதரை அழைத்து முடியை மழித்துக்கொள்ளுங்கள் என்றார் உம்மு ஸலமா. நபிகள் அப்படியே செய்ததைக் கண்டதும் அனைவரும் எழுந்தார்கள். சொல் எட்டாத இடத்தில் செயலால் முன்னே நிற்பதும், துணைவியின் யோசனையைத் தயக்கமின்றி ஏற்பதும் எந்த நூற்றாண்டுக்கும் உரியவை. முன்மாதிரி என்பதை நான் புரிந்துகொள்வது இப்படித்தான்.

இனி, குறை பற்றிய கேள்வி. நபியை முன்மாதிரி என்று சொல்லும் குர்ஆனே அவரைத் திருத்தவும் செய்கிறது. குறைஷித் தலைவர்களோடு அவர் பேசிக்கொண்டிருந்தபோது பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் குறுக்கிட்டுக் கேள்வி கேட்க, அவர் முகம் சுளித்ததைக் கண்டித்தே 80ஆம் அத்தியாயம் தொடங்குகிறது என்பது பெரும்பாலான உரையாசிரியர்களின் கருத்து. (முகம் சுளித்தவர் வேறொருவர் என்று ஷியா உரையாசிரியர்கள் பலர் கொள்வதுண்டு.) தம்மைக் கண்டித்த அந்த வசனங்களை அவர் மறைக்கவில்லை, ஓதிக் காட்டினார். பின்னர் மதீனாவில் இப்னு உம்மி மக்தூம் பாங்கு சொல்பவராக இருந்தார். நபிகள் ஊரில் இல்லாத சமயங்களில் மக்களுக்குத் தொழுகை நடத்தும் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.